50 அடி மரங்கொத்தி

எங்கள் அம்மாவின் ஊர் கவுந்தப்பாடிக்குப் பக்கம், கரும்புக்காட்டுக்கு நடுவில் ஒரு சாளை, தோட்டத்து வீடு. 1973 பொங்கல் நோம்பிக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த பெரிய மாமா, ட்ரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு நடுவே பொதிந்து ஒரு சின்ன மெஷின் கொண்டுவந்தார். ஆஸ்திரியாவில் செய்த யூமிக் பி8 புரொஜெக்டர். சிங்கப்பூரில் யாரோ வைத்திருந்ததை விலைக்கு வாங்கியிருந்தார். கூடவே உள்ளங்கையில் அடங்குகிற ஒன்பது அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 50 அடி ஃபிலிம். எனக்கு அப்போது ஏழு வயது.

பொழுது சாய்ந்ததும் ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் எட்டு முழ வேட்டியை இழுத்துக் கட்டினார்கள். பவானி ஜமுக்காளம் விரித்தாயிற்று. கரும்பு வெட்ட வந்தவர்கள், பக்கத்துச் சாளைக்காரர்கள், நோம்பிக்கு வந்த ஒரம்பரை என்று ஆசாரம் கொள்ளாத கூட்டம். மெஷின் தறி மாதிரி சடசடவென்று ஓட ஆரம்பித்தது. வேட்டியில் ஒரு மரங்கொத்தி வந்து நின்றது.

வால்டர் லான்ட்ஸ் 1940இல் திரைக்குக் கொண்டுவந்த உட்டி என்கிற அந்த மரங்கொத்திக்குச் சிவப்புக் கொண்டை என்பது எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும். மாமா வாங்கியது கறுப்பு வெள்ளைப் பிரதி, சத்தமும் இல்லாதது. அமெரிக்காவின் காசில் ஃபிலிம்ஸ் கம்பெனி தியேட்டர் கார்ட்டூன்களைச் சுருக்கி, வீட்டில் போட்டுப் பார்க்கிற 8 எம்எம் சுருள்களாக விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஏழு நிமிடப் படத்தை 50 அடிக்குள் அடக்கியிருப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் ஓடி முடிந்துவிடும்.

சத்தத்தை அப்புச்சி கொடுத்தார்.

அவர் வாலிபத்தில் வெல்ல வண்டி ஓட்டிக்கொண்டு கோயமுத்தூர் போய், வெரைட்டி ஹாலில் ஊமைப் படம் பார்த்தவர். ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் திருச்சியில் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருள்களும் வாங்கி, ஊர் ஊராகக் கொட்டகை போட்டுக் காட்டி, பிறகு 1914இல் கோயமுத்தூரில் கட்டிய தியேட்டர் அது. ஊமைப் பட நாளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார். அந்த ஞாபகத்தில் அப்புச்சியும் எழுந்து வேட்டிக்கு ஓரமாகப் போய் நின்றுகொண்டார். மரங்கொத்தி கிளையில் உட்கார்ந்துகொண்டே அந்தக் கிளையைக் கொத்தும். கிளை முறியும். முறிந்த பிறகும் விழாமல் ஒரு நொடி அந்தரத்தில் நின்று நம்மைப் பார்க்கும். அந்த ஒரு நொடிக்குள் அப்புச்சி, "அட கெரகமே!" என்பார். அதற்குப் பிறகுதான் அது விழும். கரும்பு வெட்டுகிறவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அன்று ராத்திரி அதே சுருளை ஏழு தடவை போட்டோம்.

பின்னாளில் படித்தேன்: வெரைட்டி ஹால் வந்த அதே 1914இல், அமெரிக்காவில் வின்சர் மெக்கே தான் வரைந்த கெர்ட்டி என்கிற டைனோசரைத் திரையில் ஓடவிட்டு, மேடையில் நின்று அதோடு பேசினாராம். காலைத் தூக்கு என்றால் அது தூக்கும், அதட்டினால் அழும். அப்புச்சி செய்ததும் அதே வேலை என்று எனக்குப் பட்டது. அன்றிலிருந்து இந்தச் சின்னச் சுருள்கள் மேல் எனக்கிருந்த பிரியம் இன்னும் ஒரு படி கூடிப்போனது.

மாமாவும் போய், அப்புச்சியும் போய், 2009இல் அம்மாவைப் பெற்ற அம்மாயியும் காலமான பிறகு சாளையைப் பிரித்தார்கள். அட்டாலியில், ஓட்டுக்கு அடியில் இருக்கிற பரணில், கிடந்த மெஷினும் சுருள்கள் இருந்த பிஸ்கட் டின்னும் என் பங்குக்கு வந்தன. வேறெதுவும் நான் கேட்கவில்லை.

ஈரோட்டில் ஒரு ரேடியோ மெக்கானிக் மெஷினைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸை எடுத்து எண்ணெய் போட்டுக் கொடுத்தார். ஓடியது. பல்பும் எரிந்தது. அன்று ராத்திரியே மரங்கொத்திச் சுருளை மாட்டினேன். அந்த அவசரத்துக்கு இன்றைக்கும் மனசு வலிக்கிறது.

சுருளின் நடுவில் மாமா எப்போதோ சாதாரண செல்லோ டேப்பால் ஒட்டிய ஓர் ஒட்டு இருந்தது. 30 வருஷத்துக்கு மேல் ஓட்டுச் சூட்டில் கிடந்ததில் டேப்பின் பசை இளகி வெளியே வழிந்திருந்தது. ஒட்டு வந்து கேட்டில், அதாவது பல்பு வெளிச்சம் ஃபிலிமின் மேல் விழுகிற அந்தச் சின்னச் சந்தில், அப்பிக்கொண்டது. மெஷின் ஓடுகிறது, ஃபிலிம் நகரவில்லை. சுவரில் மரங்கொத்தி அந்தரத்தில் நிற்கிறது. நிற்கிறதே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் வயிற்றில் ஒரு பழுப்புப் புள்ளி வந்தது. அப்பளத்தைத் தணலில் வாட்டினால் கொப்புளம் எழுமே, அப்படி எழுந்து, விரிந்து, நடுவில் வெள்ளை ஓட்டை விழுந்தது. நான் பிளக்கைப் பிடுங்குவதற்குள் இரண்டு படம் (ஃபிரேம்) உருகிவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் ஓரத்துத் துளைகள் கிழிந்திருந்தன. கிழிசலைச் சரியாக வெட்டி எடுத்ததில் மொத்தம் 14 படம் போயிற்று. நொடிக்கு 18 படம் ஓடுகிற சுருளில் 14 படம் என்றால் முக்கால் நொடிக்குக் கொஞ்சம் மேல்.

பழைய சுருள் கையில் கிடைத்தால் யாரும் செய்யக் கூடாததை நான் செய்தேன். முதலில் மெஷினில் மாட்டவே கூடாது. கையால் சுற்றுகிற இரண்டு கம்பிகளில் போட்டு, பருத்திக் கையுறை மாட்டிய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஃபிலிமின் இரண்டு ஓரத்தையும் லேசாகப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சுற்ற வேண்டும். கிழிந்த துளை இருந்தால் விரலில் நெருடும். பழைய ஒட்டு வந்தால் திக்கும். அந்த இடத்தில் நிறுத்தி, பழைய டேப்பை எடுத்து, ஃபிலிமுக்கென்று இருக்கிற ஒட்டு டேப்பை இரண்டு பக்கமும் போட வேண்டும். 50 அடிக்கு எனக்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது. மெஷினும் அப்படித்தான். புதிதாக வந்த மெஷினில் வேண்டாத ஒரு துண்டை முதலில் ஓட்டிப் பார்த்து, கீறல் விழவில்லை என்று தெரிந்த பிறகுதான் நல்ல சுருளை மாட்ட வேண்டும்.

ஒட்டு வேலையின்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். அது ஒரு புது உலகம். கார்ட்டூன் நொடிக்கு 24 படம் என்றாலும், பெரும்பாலும் ஓர் ஓவியத்தை இரண்டு தடவை படமெடுப்பார்கள். அதனால் ஃபிலிமைக் கையில் பிடித்தால் படங்கள் ஜோடி ஜோடியாகத் தெரியும்: இரண்டு ஒன்று போல, அடுத்த இரண்டு கொஞ்சம் மாறி. நொடிக்கு 12 ஓவியம். பாத்திரம் திடீரென்று பாய்கிற இடத்தில் மட்டும் ஒவ்வொரு படமும் மாறும். ஒரு படத்தில் மரங்கொத்தியின் தலை ரப்பர் மாதிரி நீண்டு, வெறும் தீற்றலாக இருந்தது. ஓடும்போது கண்ணுக்குச் சிக்காத ஒரு தீற்றல். யாரோ ஒருவர் உட்கார்ந்து, அது யார் கண்ணிலும் தனியாகப் படாது என்று தெரிந்தே அதை வரைந்திருக்கிறார். ஏழு நிமிடத்துக்குச் சுமார் 10,000 படம். டிவியிலோ செல்போனிலோ பார்க்கும்போது இந்த எண்ணம் எனக்கு வந்ததே இல்லை.

அப்படிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான் இழந்த 14 படமும் ஒரே ஓவியம். மரங்கொத்தி அந்தரத்தில் நிற்கிற இடத்தில் ஒரே ஓவியத்தை அசையாமல் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருந்தார்கள். உடைந்த இடத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே ஓவியம் இன்னும் பத்துப் படத்தில் மிச்சம் இருந்தது. கோடு ஒன்றுகூடக் குறையவில்லை. போனது நேரம் மட்டும்தான். அப்புச்சி "அட கெரகமே" என்று சொல்ல இருந்த நேரம்.

ஒன்பது பெட்டியில் இரண்டு எனக்கு இன்னொரு பாடம் வைத்திருந்தன. அவை சூப்பர் 8. பழைய 8 எம்எம் 1932இல் வந்தது. 16 எம்எம் ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. துளை பெரிதாக, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் இருக்கும். 1965இல் கோடக் கொண்டுவந்த சூப்பர் 8இல் துளை சின்னது, படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும். துளையைக் குறுக்கியதால் படம் பாதி அளவு கூடுதல் பெரிதாகிறது. அகலம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் பார்த்தவுடன் வித்தியாசம் தெரியாது. ஆனால் துளைக்குத் துளை தூரம் பழையதில் 3.81 மில்லிமீட்டர், புதியதில் 4.23. பழைய மெஷினின் நகம் புதிய ஃபிலிமைத் துளை தப்பிப் பிடித்து இழுத்தால் கிழிப்பதைத் தவிர வேறு வழியில்லை. நாலடி தூரம் கிழித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. ஃபிலிம் சுற்றியிருக்கிற ஸ்பூலைப் பாருங்கள்: நடு ஓட்டை சின்னதாக இருந்தால் பழைய 8, பெரிதாக இருந்தால் சூப்பர் 8. ஸ்பூல் மாறிப்போயிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் ஃபிலிமையும் வெளிச்சத்தில் பிடித்துத் துளையைப் பார்த்துவிடுங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டையும் ஓட்டுகிற டூயல் 8 மெஷினாக வாங்குவது நல்லது. நான் ஊமைச் சுருள்களை இப்போது அதில்தான் ஓட்டுகிறேன்.

அந்த இரண்டு சூப்பர் 8 சுருளும் கலர். மாமா அதிக விலை கொடுத்து வாங்கியவை. சாளையில் ஓட்ட முடியாமல் புதிதாகவே இருந்தவை. டூயல் மெஷின் வந்த அன்று ஆசையாக மாட்டினேன். புல் ரோஸ், வானம் ரோஸ், பூனை ரோஸ். கலர் ஃபிலிமில் மூன்று சாய அடுக்கு இருக்கிறது: மஞ்சள், மெஜெந்தா, சயான். அந்தக் காலத்து ஈஸ்ட்மென் வகைப் பிரதிகளில் இருட்டில் வைத்திருந்தாலும் சயான் முதலில் மங்கிவிடும், மஞ்சளும் கூடவே போகும். மிஞ்சுவது மெஜெந்தா. அந்த ஃபிலிமிலேயே இதைத் திருப்பிக் கொண்டுவர ஒரு வழியும் இல்லை. 1980களில்தான் எளிதில் மங்காத வகை ஃபிலிம் வந்தது. டெக்னிகலர் முறையில் சாயம் ஏற்றி அச்சிட்டவை மங்காது. ஆனால் கிடைப்பது அரிது. மாமா குறைந்த விலைக்கு வாங்கிய கறுப்பு வெள்ளைச் சுருள்களில் சாயம் கிடையாது, வெள்ளித் துகள்தான் படமாக நிற்கிறது. அவை இன்றைக்கும் கரி போட்ட மாதிரி அழுத்தமாக இருக்கின்றன. என் எண்ணத்தில், இந்தப் பக்கம் வருகிறவர் முதலில் கறுப்பு வெள்ளையில் தொடங்குவதே சரி. கலர் வாங்குவதானால் விற்கிறவரிடம் வெள்ளைத் தாள் மேல் ஃபிலிமை வைத்து பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடம் மெரூன் அடித்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வாடையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பிஸ்கட் டின்னைத் திறந்தபோது பழைய நீராகாரம் ரெண்டு நாள் புளித்த மாதிரி ஒரு காட்டம் மூக்கில் ஏறியது. வினிகர் வாடை. இந்த ஃபிலிமின் அடிப்பொருள் அசிடேட். சூடும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியே வரும். அந்த அமிலமே சிதைவை மேலும் வேகமாக்கும். இறுக மூடிய தகர டின்னில் ஆவி போக வழியில்லாமல், ஒரு சுருளில் தொடங்கியது பக்கத்துச் சுருளுக்கும் போகும். நல்லது என்று நினைத்து அம்மாயி பாச்சை உருண்டையும் போட்டு, மூடியைத் துணி சுற்றி அடைத்திருந்தார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? ஒன்பதில் ஒன்று ஓலை மாதிரி நெளிந்து, சுருங்கி, மெஷினில் ஏறாத நிலைக்கு வந்துவிட்டது. அதைத் தனியாக வேறு அறையில் வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை.

மற்றவற்றைக் காற்றுப் போகிற பிளாஸ்டிக் டப்பாவில் படுக்கை வாக்கில் வைக்கிறேன். ஈரோட்டுச் சித்திரை வெயிலுக்கு அட்டாலி, மாடி அறை இரண்டும் ஆகாது. தரைத் தளத்தில் வடக்குப் பக்க அறை, அலமாரியின் கீழ்த் தட்டு. ஐப்பசி மழைக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரம் தங்கினால் படத்தின் ஜெலட்டினில் பூஞ்சை பிடித்துக்கொள்ளும். வருஷத்துக்கு ஒரு தடவை, தை மாதத்தில், எல்லாச் சுருளையும் எடுத்துக் கையால் சுற்றி வைப்பேன். அமில அளவு பார்க்க ஏ-டி ஸ்ட்ரிப் என்று ஒரு காகிதம் இருக்கிறது. சுருளோடு டப்பாவில் ஒருநாள் போட்டு வைத்தால் நீலம் அப்படியே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள் என்று மாறினால் அந்தச் சுருளைப் பிரித்துவிட வேண்டும். விலை கொஞ்சம் அதிகம். மூக்குக்கு எட்டாத நிலையிலேயே காட்டிக்கொடுப்பதால் வாங்குகிறேன். ஒரு விஷயத்தில் பயம் வேண்டாம்: பழைய தியேட்டர் ஃபிலிம் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்கிற நைட்ரேட் இந்த 8 எம்எம் வகையில் வராது.

எங்கள் வீட்டுக்குப் பக்கச் சுவர் ஒரு தறிக்குடோன். பஞ்சு பறக்காத நாள் இல்லை. பழைய 8 எம்எம் படத்தின் அகலம் நாலரை மில்லிமீட்டர். அதை ஒன்றரை மீட்டருக்குக் காட்டினால் 300 மடங்குக்கு மேல் பெரிதாகிறது. கேட்டில் ஒரு பஞ்சு இழை ஒட்டினால் போதும், சுவரின் ஓரத்தில் கறுப்புப் புழு ஒன்று படம் முடியும் வரை நெளிந்துகொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தறி நிற்கும், அன்றைக்குத்தான் படம் போடுவேன். ஒவ்வொரு சுருளுக்கும் முன்னால் மெத்தென்ற பிரஷ்ஷால் கேட்டைத் துடைப்பேன். ஒட்டியிருப்பதைச் சுரண்ட மூங்கில் குச்சி, இரும்பு மட்டும் கூடாது. ஃபிலிமைத் துடைக்க முதலில் திருப்பூர் பனியன் வேஸ்ட் வாங்கினேன். பட்டறைக்கு அருமையான துணி, ஃபிலிமுக்கு ஆகாது, அதுவே பிசிறு விடும். வெல்வெட் துண்டு ஒன்று தைத்து வைத்துக்கொண்டேன். வேட்டித் திரையையும் விட்டுவிட்டேன். வெளிச்சத்தில் பாதி வேட்டியைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. பளபளப்பில்லாத வெள்ளை பெயிண்ட் அடித்த சுவரில் அதே படம் எவ்வளவோ துலக்கமாக இருக்கிறது.

சத்தத்தோடு ஒரு கார்ட்டூனாவது பார்க்க வேண்டும் என்று 2012இல் அமெரிக்காவிலிருந்து சூப்பர் 8 சவுண்ட் மெஷின் ஒன்று வரவழைத்தேன். இதில் ஃபிலிமின் ஓரத்தில் டேப் ரெக்கார்டர் நாடா மாதிரி ஒரு காந்தப் பட்டை இருக்கும். 110 வோல்ட் மெஷின் என்பதால் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி மாட்டினேன். படம் ஓடியது. ஆனால் பாட்டு ஏதோ தூக்கத்தில் பாடுகிற மாதிரி இழுத்தது. எலி எருமைக் குரலில் பேசியது. பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஒருவர், பல் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று இன்னொருவர். பெல்ட் இரண்டு தடவை மாற்றினேன். பணம் போனதுதான் மிச்சம்.

கடைசியில் மெஷினைக் காரில் வைத்து கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். தெரிந்தவர் சொல்லி அனுப்பிய இடம். அங்கிருந்த பெரியவர் படப் பெட்டி எதையும் தொட்டுப் பார்த்தவர் இல்லை, பம்ப்செட் மோட்டாரிலேயே ஆயுள் போனவர். மோட்டார் மேலிருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார்.

"ஏனுங் அம்மிணி, ட்ரான்ஸ்ஃபார்மரு வோல்ட்டத்தானுங்க கொறைக்கும். சைக்கிளு அப்படியேதானுங்களே இருக்கும்?"

எனக்குப் புரியவில்லை. "அவிய ஊருல 60 சைக்கிளு கரண்ட்டு. நம்மூருல 50. இந்த மோட்டாரு கரண்ட்டு சைக்கிளுக்குத் தக்கனதான் சுத்தும். ஆறுல அஞ்சு பங்கு ஓடுதுங்க."

ஒரு கணக்கு அப்போதுதான் என் தலையில் விழுந்தது. சூப்பர் 8இல் ஓர் அடிக்கு 72 படம். 50 அடி, 3,600 படம். நொடிக்கு 24 என்றால் இரண்டரை நிமிடம் ஓட வேண்டும். வீட்டில் நான் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது சரியாக மூன்று நிமிடம் ஓடியிருந்தது. நொடிக்கு 20. அவர் சொன்ன அதே ஆறுக்கு ஐந்து. மோட்டார் புல்லியை வெர்னியரில் அளந்தார்: 15 மில்லிமீட்டர். பித்தளை உருட்டு ஒன்றை எடுத்து, 18க்குக் கடைந்து, பெல்ட் உட்காரும் பள்ளத்தை எமரித் தாளால் மழுப்பிக் கொடுத்தார். அரைமணி நேர வேலை. பட்டறையிலேயே பிளக்கில் மாட்டி ஓட்டினோம். லேத் ஓட்டுகிற பையன்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த சுவரில் எலி தன் சொந்தக் குரலில் பாடியது. செல்போனில் நேரம் பார்த்தேன். இரண்டரை நிமிடம். கூலி வாங்கிக்கொள்ளப் பெரியவர் ரொம்பத் தயங்கினார், வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

வெளிநாட்டு மெஷின் வாங்குகிறவர்கள் வோல்ட்டோடு சைக்கிளையும் (ஹெர்ட்ஸ்) கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய மெஷின் என்றால் நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. டிசி மோட்டார் வைத்த மெஷினுக்கும் இது பொருந்தாது. பல்புக்குக் கவலைப்பட வேண்டாம். நிறைய மெஷின்களுக்கு 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன்தான். மருத்துவக் கருவிகளிலும் அந்த வகை போவதால் சர்ஜிகல் சாமான் விற்கிற கடையில் கேட்கலாம். கண்ணாடியில் விரல் படாமல் துணியால் பிடித்து மாட்ட வேண்டும். சவுண்ட் ஃபிலிமை ஒட்டும்போது இன்னொன்றும் உண்டு. படத்துக்குரிய சத்தம் அந்தப் படத்துக்கு நேராக இருக்காது, 18 படம் முன்னால் பதிவாகியிருக்கும். ஓர் இடத்தில் வெட்டினால் படம் ஓரிடத்திலும் சத்தம் முக்கால் நொடி தள்ளி இன்னோரிடத்திலும் தாவும். வெட்டாமல் காப்பாற்ற முடியுமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு வெட்டுங்கள்.

16 எம்எம் பக்கம் நான் போகவில்லை. மெஷினும் கனம், சுருளும் இடம் அடைக்கும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது மத்திய அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் படங்களை வேனில் கொண்டுவந்து காட்டுவார்கள், அது 16 எம்எம். டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து அவர்களுக்குக் கார்ட்டூன் சொல்லிக்கொடுத்து, 1957இல் ஒரு ஜாதகக் கதையைப் படமாக எடுத்தார்கள். ஆலமரத்து மான் கதை. அதன் ஒரு பிரதி எங்காவது ஒரு பள்ளிக்கூட அறையில் கிடந்தால், வினிகர் வாடை வருவதற்குள் யாராவது எடுத்துவிட வேண்டும் என்று அடிக்கடி நினைப்பேன்.

சுருள்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு: கோயமுத்தூர் உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் இரண்டு தடவை எனக்குக் கிடைத்திருக்கிறது, இரண்டும் மலேயா போய் வந்த குடும்பத்துப் பெட்டிகள். செட்டிநாட்டுப் பழம்பொருள் வியாபாரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் வெளிநாட்டு ஏலம். தபால் செலவும் சுங்க வரியும் சுருளின் விலையைத் தாண்டும், அதனால் ஒன்று ஒன்றாக வாங்காமல் ஒரே ஆளிடம் நாலைந்தாகச் சேர்த்து வாங்குகிறேன். பெட்டியின் மேல் வீட்டில் பார்க்க மட்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். சுருள் நம்முடையது, படத்தின் உரிமை நம்முடையது இல்லை. டிக்கெட் போட்டுக் காட்ட நினைக்க வேண்டாம்.

போன பொங்கலுக்கு மகள் வீட்டுப் பிள்ளைகளும் தெருப் பிள்ளைகளுமாக ஒரு பதினைந்து பேர். மாட்டுப் பொங்கல் அன்று தறி ஓடவில்லை. அதே பவானி ஜமுக்காளம் விரித்தேன், ஓரம் நைந்துவிட்டது. சவுண்ட் கார்ட்டூன் ஒன்றைப் போட்டேன். அமைதியாகப் பார்த்தார்கள். பிறகு மரங்கொத்தி. சத்தம் வராததும் ஒரு பையன், "ஸ்பீக்கர் ரிப்பேருங்களா?" என்றான். நான் சுவர் ஓரமாகப் போய் நின்று அப்புச்சி மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். கிளை முறிகிற இடம் வந்தது. மிச்சமிருக்கிற பத்துப் படமும் அரை நொடியில் ஓடிப்போய்விட்டது. "அட" என்பதற்குள் மரங்கொத்தி விழுந்துவிட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள்தான். எனக்கு மட்டும் தொண்டையில் ஒரு வார்த்தை நின்றது.

ஊமைச் சுருள் ஓட்டுகிற இந்த டூயல் மெஷினில் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு இருக்கிறது. இரண்டாவது தடவை போட்டபோது நான் சுவரோரம் போகவில்லை. மெஷினுக்குப் பக்கத்திலேயே நின்றேன். கிளையில் வெடிப்பு விழுந்ததும் திருகை மெல்லக் குறைத்தேன். சடசடப்பு இறங்கி, டக், டக் என்றானது. படம் லேசாக நடுங்கியது. மரங்கொத்தி அந்தரத்தில் நின்று எங்கள் எல்லோரையும் ஒரு தடவை பார்த்தது.

"அட கெரகமே!" என்றேன்.

விழுந்தது. சின்னவள் ஜமுக்காளத்தில் உருண்டு சிரித்தாள். வால் முனை ஸ்பூலில் தட்டிக்கொண்டு நின்றதும் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னொருக்காப் போடுங்க அம்மாயி. இந்த வாட்டி நாஞ் சொல்றேன்."

விளக்கைப் போடாமலே சுருளைத் திருப்பிச் சுற்ற ஆரம்பித்தேன்.